பதினோரு மூட்டைச் சிக்குமுடி

கருவேலங்குறிச்சியில் முடி பேச ஆரம்பித்தது ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை டீ வந்து, எல்லோரும் குடித்து முடித்து, பாப்பாத்தி மட்டும் வழக்கம்போல ஆறட்டும் என்று டம்ளரை ஓரமாக வைத்திருந்த நேரம். ஜெயசுதா ஒரு பிடி முடியைப் பேன் சீப்பில் கொடுத்து இழுத்தாள். சீப்பின் பல்லுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், பக்கத்து வீட்டிலிருந்து சுவர் தாண்டி வருகிற மாதிரி, "கேஸை அமத்துனியா?" என்று கேட்டது.

"அமத்திட்டேனே" என்றாள் பாப்பாத்தி, டம்ளரை எடுத்தபடி. ஒரு வாய் குடித்தாள். "அமத்துனேனா?"

பக்கத்தில் இருந்த மூன்று பேருக்கும் அதே சந்தேகம் தொற்றிக்கொண்டது. ஒருத்தி செருப்புக்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். கேட்டது யார் என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை. நாற்பது பெண்கள் உட்கார்ந்து சிக்கெடுக்கிற தகரக் கொட்டகையில் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டுதானே இருப்பார்கள். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் இன்னொரு சீப்பு "பஸ்ஸு பஞ்சரு சார், பத்து நிமிசம் லேட்டாகும்" என்றது. வேறொன்று யாரையோ தெலுங்கில் வைதது. அப்போதுதான் ஜெயசுதா கையிலிருந்த முடியை மடியில் போட்டுவிட்டு, "மதினி, இது நம்ம பேச்சு இல்ல" என்றாள்.

ஊருக்கு வடக்கே ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிற அந்தக் கொட்டகைக்கு முடிக் கம்பெனி என்று பெயர். பெண்கள் தலைசீவி, உதிர்ந்ததைச் சுருட்டி, சுவர் இடுக்கிலும் ஜன்னல் கம்பியிலும் செருகி வைக்கிற முடியை, மொபெட்டில் தெருத்தெருவாகப் போகிறவர்கள் ஹேர்பின் அட்டையும் ஊக்கும் கொடுத்து வாங்குவார்கள். அது கைமாறிக் கைமாறி மூட்டையாகி, பல மாவட்டத்துத் தலைகள் ஒரே சாக்குக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இங்கே வந்து இறங்கும். இங்கே ஊசியால் நெம்பிச் சிக்கை உடைத்து, கடைசியாகப் பேன் சீப்பால் ஈரும் தூசியும் போகச் சீவி, நீளம் பார்த்துக் கட்டிப்போட்டால், அது கடல் தாண்டிப் போய் முகம் தெரியாத யாருக்கோ கூந்தலாகும். அகலப் பல் சீப்பில் இழுத்தால் முடி பேசாது. நெருக்கப் பல் வைத்த பேன் சீப்புக்குத்தான் பேசும். முடிக்கு உரியவள் அந்த நிமிஷம் என்ன சொல்கிறாளோ, எந்த ஊரில் இருந்தாலும், அதைத்தான் சொல்லும்.

இதைக் கண்டுபிடித்தவள் பாப்பாத்தி. சிவகாசியில் இருக்கிற மருமகளின் முடி ஒன்று பேத்தியின் கவுனில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதைச் சீவிப் பார்த்தாள். "கிழவி இந்த மாசம் வராம இருந்தாப் போதும்" என்றது சீப்பு. உடனே போன் போட்டு, "இப்ப என்ன சொன்ன நீ?" என்று கேட்டாள். மருமகள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் ஒரு வாரத்துக்கு வேண்டிய துணிமணியோடு பாப்பாத்தி சிவகாசிக்கு பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு ஊர் அதைத் தன் போக்கில் எடுத்துக்கொண்டது. வாய்க்கால் தெரு ஆள் ஒருவன், பொண்டாட்டி மேல் எப்போதும் சந்தேகம் உள்ளவன், அவள் தலையணையில் கிடந்த முடியைத் தீப்பெட்டிக்குள் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுவந்து, நாற்பது பேர் முன்னால் சீவச் சொன்னான். "இந்த மனுசன் என் முடிய எடுத்துட்டுப் போயிருக்கான், வரட்டும், வெளக்கமாறு வாசல்லயே இருக்கு" என்றது சீப்பு. அன்றைக்குக் கொட்டகையில் எழுந்த சிரிப்பு ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது. ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு, தேடப்படுகிற ஆள் ஒருவனின் முடியைக் கவரில் போட்டு எடுத்துவந்தார். ஆம்பிளை முடி, அரை விரல் நீளம். "ம" என்ற மட்டோடு நின்றுவிட்டது. மதினி என்றானா, மச்சான் என்றானா, மதுரை என்றானா என்று அவர் ஒரு மணி நேரம் யோசித்து, டீ குடித்துவிட்டுப் போனார். எங்கிருந்தோ படித்தவர்கள் இரண்டு பேர் வந்து, ஒரு கருவியைச் சீப்புக்குப் பக்கத்தில் வைத்து, எதையோ எழுதிக்கொண்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்களும் திரும்பி வரவில்லை.

சிக்கெடுக்கிற பெண்களுக்கு ஆளுக்கொரு குரல் வாய்த்தது. பிடித்துப்போன இழையை ரப்பர் பேண்டு போட்டுப் பலகைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மறுநாள் வந்ததும் முதலில் அதைத்தான் சீவுவார்கள். ஜெயசுதாவுக்கு ஒரு டீச்சர். எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறவள். எட்டாம் வாய்ப்பாட்டில் இருமல் வந்துவிடும். ஒருநாள் அந்த இழை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. செத்துப்போனாள் என்று முடிவுகட்டி ஜெயசுதா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் அழுதாள். பெண்கள் ஒரு அகல் விளக்கு ஏற்றி வைத்தார்கள். மூன்றாம் நாள் சீவியபோது, "தொண்டை கட்டிக்கிருச்சு, நீங்களே படிங்க பிள்ளைகளா" என்றது சீப்பு. விளக்கை அணைப்பதா வேண்டாமா என்று யாருக்கும் புரியவில்லை. பேசாத முடி செத்தவள் முடியா, தூங்குகிறவள் முடியா, பேச ஒன்றும் இல்லாதவள் முடியா என்பது அதற்கப்புறம் கொட்டகையில் தீராத சண்டையானது.

இந்தக் கூத்து எதிலும் ராமுத்தாய் சிரிக்கவில்லை. முடி பேசுவதற்கு முன்பிருந்தே, நான்கு வருஷமாக, அவள் அந்த மூட்டைகளுக்குள் ஒரு முடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் மகள் அனுசியா. பத்தொன்பது வயதில், எந்தத் தெருப் பையனைக் கட்டக் கூடாது என்று ஊர் நினைக்கிறதோ அந்தத் தெருப் பையனோடு போய்விட்டாள். போய் ஆறு மாதம் கழித்து ஒருநாள் ராமுத்தாய்க்கு மட்டும் போன் செய்து, நல்லாருக்கேன் என்று சொல்லி, இருக்கிற ஊரைச் சொல்லி, தெருவைச் சொல்லி, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதம்மா" என்றாள். சொல்லக் கூடாது என்றுதான் ராமுத்தாயும் இருந்தாள். அன்று சாயங்காலம் புருஷன் பால்ச்சாமி சாப்பிட உட்கார்ந்து, ஆறு மாதத்தில் முதல்தடவையாகக் குரலை இறக்கி, "பிள்ளை ஏதும் பேசுச்சா?" என்று கேட்டான். அந்தக் குரலில் ஒரு தகப்பன் இருந்தான். ராமுத்தாய் சொல்லிவிட்டாள். விடிந்தும் விடியாமலும் வாசலில் ஒரு வேன் நின்றது. பால்ச்சாமியோடு இன்னும் ஐந்து பேர் ஏறினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் வடித்த சோறு சூடாக இருந்தது, ஆள் இல்லை. திரும்பி வந்த பால்ச்சாமி, "தப்பிச்சிட்டா" என்றான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு உடம்பு முழுக்கக் குளிர்ந்துபோனதை ராமுத்தாய் யாரிடமும் சொன்னதில்லை. அன்றோடு அந்த நம்பர் செத்துப்போனது. பையனின் வீட்டாரும் ஊரைக் காலிசெய்து போய்விட்டார்கள். போன பங்குனியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பால்ச்சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோனது.

ஆக அவளுக்கு மகளிடம் சொல்ல இரண்டு சேதி இருந்தது. அப்பா இல்லை, வீட்டுக்கு வரலாம் என்பது ஒன்று. அன்றைக்குச் சொன்னது நான்தான் என்பது இன்னொன்று. எதை முதலில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரிடம் சொல்வது என்பதே தெரியாதபோது அந்த யோசனைக்கு அவசரமும் இல்லை.

அனுசியாவின் முடி விரலுக்குத் தெரியும் என்று அவள் நம்பினாள். சுருட்டையும் இல்லை, நேரும் இல்லை. ஒரு சாண் இறங்கியதும் ஒரு வளைவு, பிறகு நேர், நுனிக்குப் பக்கத்தில் இன்னொரு வளைவு. நுனி மட்டும் தேங்காய் நார் நிறம். எந்த ஊரில் இருந்தாலும் தலைசீவாமல் இருக்கப் போகிறாளா, சீவினால் உதிராமல் இருக்கப் போகிறதா, உதிர்ந்தால் ஒரு ஹேர்பின் அட்டைக்கு ஆசைப்பட்டுப் போடாமல் இருக்கப் போகிறாளா. இப்படி நினைத்து நினைத்துத்தான் நான்கு வருஷம் சீவினாள். இப்போது முடிக்கு வாயும் வந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசினால் போதும், பெற்றவளுக்குத் தெரியாதா.

முடி பேச ஆரம்பித்த ஏழாவது வாரம் கருத்தப்பாண்டி காலி மொபெட்டோடு வந்து நின்றான். இருபது வருஷமாக முடி வாங்கப் போகிறவன். "ஒரு வீட்லயும் போட மாட்டேங்காக. நாங்க பேசுறத நீங்க கேக்கவா முடி தரணும்னு வெரட்டுறாக. முடிய எரிக்கிறாக, குழி தோண்டிப் புதைக்கிறாக. ஒருத்தி என் கண்ணு முன்னால முழுங்கிட்டாண்ணே."

முதலாளி சோமசுந்தரம் நல்ல மனுஷர்தான். ஆனால் நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறவர், முடி வராவிட்டால் என்ன செய்வார். ஒரு தொட்டி கட்டி, தண்ணீரில் ஆசிட்டைக் கலந்து நிரப்பினார். அதில் அரை மணி நேரம் ஊறிய முடியைப் பேன் சீப்பில் இழுத்தால் சர்ரென்ற சத்தம் மட்டும்தான் வந்தது. "திங்கக்கிழமையிலருந்து எல்லா மூட்டையும் தொட்டிக்குப் போயிட்டுத்தான் உங்க கைக்கு வரும்" என்றார். "வீட்டு வீட்டுக்குப் போயிச் சொல்லணும், இனிமே யார் பேச்சும் யாருக்கும் கேக்காதுன்னு."

பெண்கள் முணுமுணுத்தார்கள். ஜெயசுதா டீச்சர் இழையை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். ராமுத்தாய் எழுந்து நின்றாள்.

"குடோன்ல எத்தனை மூட்டை கெடக்கு மொதலாளி?"

"பதினொன்னு."

"திங்கக்கிழமை வரைக்கும் அதுல கை வைக்காதீக."

"ராமுத்தாயி, ஒரு மூட்டைக்கு மூணு நாளு ஆகும். இன்னிக்குப் புதன்."

"நான் கட்டு கட்டப் போறதில்ல. சீவிப் பாக்கத்தான் போறேன்."

அவர் அவளைப் பார்த்தார். பால்ச்சாமியோடு அந்த வேனில் போன ஐந்து பேரில் அவருடைய தம்பியும் ஒருவன். "பாரு" என்று சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

அப்படித்தான் அந்தத் தேடல் ஆரம்பித்தது. ராமுத்தாய் வளைவையும் நுனியையும் சொன்னாள். நாற்பது பேரும் அவரவர் பலகையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, உருண்டையை நெம்பி, கட்டையை ஒதுக்கி, நரையை ஒதுக்கி, நேரானதை ஒதுக்கி, சாயம் போட்டதை ஒதுக்கி, மிச்சத்தை ஒவ்வொரு இழையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நுனி சிவந்திருந்தால் பேன் சீப்பில் கொடுத்து இழுத்தார்கள். புதன் போனது, வியாழன் போனது. கொட்டகை முழுக்கக் குரல். சோறு ஊட்டுகிறவள், சாமி கும்பிடுகிறவள், பக்கத்து வீட்டுக்காரி கோழியை வைகிறவள், ஆபீசில் "ஓகே சார்" என்கிறவள், தனியாக இருந்து தனக்குத்தானே எதையோ விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறவள்.

பாப்பாத்தி சிவகாசியிலிருந்து திரும்பி வந்திருந்தாள். அவள் மட்டும் தன் பலகையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"ஏ ராமுத்தாயி. கெடைச்சு, அது பேசலேன்னா என்ன செய்வ?"

"டீச்சர் பேசலியா மூணாவது நாளு?"

"மூணாவது நாளு தொட்டிதானடி இருக்கு."

ராமுத்தாய் அடுத்த இழையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பாப்பாத்தியும் ஒரு உருண்டையை எடுத்து நெம்ப ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள், வளைவும் நுனியும் ஒத்துப்போன இழை நாற்பத்திமூன்று சேர்ந்தது. ராமுத்தாய் அவற்றை ஒரு வெள்ளைத் துண்டில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றாகச் சீவினாள். ஒன்று கன்னடம். ஒன்று கிழவியின் நடுக்கம். இப்படிக் கழித்துக்கொண்டே போனாலும் இருபதுக்கு மேல் மிச்சம். எல்லாம் இளம் பெண்கள், எல்லாம் தமிழ். முதல் குரலைக் கேட்டதும் இவள்தான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டாவதற்கும் அதே மாதிரி அடித்துக்கொண்டது. ஆறாவதற்கும் அப்படியே. அனுசியா பேசியதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. எந்த இடத்தில் நின்று சொன்னாள், என்ன பாவாடை கட்டியிருந்தாள் என்பதுகூட. ஆனால் அந்த வார்த்தைகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்தால், முதலில் கேட்ட இழையின் குரலில் கேட்டது, பிறகு ஆறாவது இழையின் குரலில், பிறகு ஜெயசுதாவின் டீச்சர் குரலில், கடைசியில் தன் குரலில். எல்லாக் குரலும் அவள் குரலாகவே இருந்தது. பிறகு எதுவும் அவள் குரலாக இல்லை.

"மதினி, எதையாவது சொல்லு" என்றாள் ஜெயசுதா. "இதுல யாரு?"

"தெரியலட்டி" என்றாள் ராமுத்தாய். "எல்லாரும் சேந்து வந்து நின்னா எப்படித் தெரியும்?"

அந்த இருபத்துச் சொச்சம் பேரும் பேசப் பேசத் தாமாகவே கழன்றுகொண்டார்கள். ஒருத்தி தன் அம்மாவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சண்டை போட்டாள். ஒருத்தி வேறு சாமியைக் கும்பிட்டாள். ஒருத்தி நாலு அண்ணன் பேரைச் சொன்னாள். சனிக்கிழமை மத்தியானம் துண்டு வெறுமையானது. பத்து மூட்டை தீர்ந்திருந்தது. பதினோராவது மூட்டையின் வாயில் தைத்திருந்த சீட்டில் தாராபுரம் பக்கம் என்று எழுதியிருந்தது.

அதன் அடியில், கிட்டத்தட்ட சாக்கின் தையலோடு சேர்ந்து, அது கிடந்தது. எடுத்துக் கொடுத்தவள் பாப்பாத்தி. ராமுத்தாய் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாள். ஒரு சாண், வளைவு, நேர், வளைவு. நாற்பத்திமூன்று இழையிலும் விரல் இப்படி நின்றதில்லை. பேன் சீப்பில் கொடுத்து மெதுவாக இழுத்தாள்.

ஒன்றும் இல்லை.

மறுபடி இழுத்தாள். கொட்டகையில் மற்ற சீப்புகள் எல்லாம் நின்றுவிட்டன. தகரத்தின் மேல் ஒரு காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. மூன்றாவது தடவை, நான்காவது தடவை. யாரோ "அகல் எங்க இருக்கு" என்று மெல்லக் கேட்க, "வாய மூடு" என்றாள் பாப்பாத்தி. ஐந்தாவது தடவை இழுத்தபோது சீப்பு பேசியது.

"ஏனுங்கண்ணா, முருங்கக்கா முத்தலா இருக்குதுங்களே."

அடுத்து யாரோ பதில் சொல்லும் நேரம் போனது. அந்தப் பதில் முடிக்கு வராது.

"நகத்துல கீறுனாத் தெரியாதுங்களா. சரி, அந்தக் கருவேப்பிலையச் சேத்துப் போடுங்க. வா கண்ணு, போலாம்."

ராமுத்தாய் மறுபடி இழுத்தாள், அவசரத்தில் கொஞ்சம் வேகமாக. நடு வளைவில் இழை அறுந்தது. ஒரு துண்டு சீப்பின் பல்லில், ஒரு துண்டு விரலில். இரண்டும் அதற்கப்புறம் பேசவில்லை.

"அவதானா?" என்று கேட்டாள் ராமுத்தாய். எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். "சொல்லுங்கட்டி, அவதானா?"

அவளேதான் என்றார்கள் பாதிப் பேர். நம்ம பக்கத்துப் பிள்ளை அப்படி வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுமா என்றார்கள் மீதிப் பேர். நாலு வருஷம் அந்த ஊர்த் தண்ணி குடித்தால் பேசாதா என்று பாதிப் பேர் திரும்பக் கேட்டார்கள். கண்ணு என்றாளே, அது பிள்ளையையா, கடைக்காரன் மகளையா, கூட நடந்து வந்த ஆட்டுக்குட்டியையா என்று அதற்குள் ஒரு தனிச் சண்டை. பாப்பாத்தி மட்டும், "நீ பெத்த குரல எங்கிட்டக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல" என்றாள். வைகிற மாதிரி சொல்லவில்லை.

சாயங்காலம் கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "அந்த மூட்டை மூணு கை மாறி வந்தது மதினி. நாப்பது ஊரு முடி அதுக்குள்ள இருக்கும். எந்த வாசல்னு போயிக் கேப்பீக?"

"நாப்பது ஊருக்கும் போறேன்."

"போயி?"

தெருத்தெருவாகப் போய் அனுசியா, அனுசியா என்று கூப்பிடுவதை அவள் நினைத்துப் பார்த்தாள். கருவேலங்குறிச்சியிலிருந்து ஒருத்தி தேடி வந்திருக்கிறாள் என்ற சேதி அவளுக்கு முன்னால் ஓடும். அப்பா செத்தது அனுசியாவுக்குத் தெரியாது. அம்மா வந்தால் பின்னாலேயே வேன் வரும் என்றுதான் அவளுக்குத் தெரியும். வடித்த சோறு சூடாக இருக்கும், ஆள் இருக்காது. தாராபுரம் பக்கத்திலிருந்து இன்னும் தள்ளி, மூட்டைச் சீட்டில் பெயர் எழுதாத ஏதோ ஒரு ஊருக்குப் போய்விடுவாள். தேடத் தேடத் தூரமாகிற பிள்ளையை எப்படித் தேடுவது. ராமுத்தாய் தலையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிடித்த கையில் அவளுடைய முடியே இரண்டு மூன்று வந்தது. அதைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஜெயசுதா, கத்திரிய எடு" என்றாள்.

"எதுக்கு மதினி?"

"கழுத்துக்குக் கீழ இருக்கிறதையெல்லாம் வெட்டு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆறேழு பேர் கொட்டகையில் உட்கார்ந்து, ராமுத்தாயின் பாதி நரைத்த முடியைப் பிரித்து, ஒவ்வொரு ஹேர்பின் அட்டையிலும் நாலு இழையாகச் சுற்றினார்கள். கருத்தப்பாண்டி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். முடி வாங்கத்தான் அவன் இருபது வருஷமாக வீடு வீடாகப் போயிருக்கிறான், கொடுக்கப் போனதில்லை.

"என்னன்னு சொல்லிக் குடுக்க?"

"ஒன்னும் சொல்லாத. முடி கேக்காத. பின்னு சும்மா தாரோம், முடியப் பேன் சீப்புல இழுத்துப் பாருங்கன்னு மட்டும் சொல்லு."

"அங்கெல்லாம் முடி பேசுதான்னே தெரியாது மதினி."

"தெரியாது" என்று ஒத்துக்கொண்டாள் ராமுத்தாய்.

திங்கட்கிழமை தொட்டி வேலையை ஆரம்பித்தது. கழுவிய முடி மூட்டை மூட்டையாக வந்தது. சர்ர், சர்ர் என்ற சத்தம் தவிரக் கொட்டகையில் ஒன்றும் இல்லை. நாற்பது பெண்களுக்கும் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. வீடுகளில் சீவினால் முடி இன்னும் பேசத்தான் செய்தது. ஆனால் பெண்கள் பேன் சீப்பை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டார்கள். அந்தச் செவிட்டு அமைதிக்குள் ராமுத்தாய் பேச ஆரம்பித்தாள்.

பால்ச்சாமி வீட்டுக்கு வாக்கப்பட்ட நாளிலிருந்து நாலு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசாதவள். முதல் நாள் அவளுக்கு நாக்கு புரளவில்லை. "அப்பா செத்துட்டாரு" என்று தொடங்கினாள். அனுசியா அந்த நிமிஷம் சீவாமல், அடுத்த நிமிஷம் சீவினால் என்ன கேட்பாள் என்ற குழப்பம் வந்துவிட்டது. மறுபடி "அப்பா செத்துட்டாரு" என்றாள். யார் எப்போது சீப்பை எடுப்பார்கள் என்று தெரியாதவள் நிறுத்தவே முடியாது. காலையில் எழுந்ததிலிருந்து கண் மூடுகிற வரைக்கும் பேசினாள். ரயில்வே கேட்டில் நின்றுகொண்டு பேசினாள், ரேஷன் கடை வரிசையில் பேசினாள், சோற்றை மென்றுகொண்டு பேசினாள். பங்குனியில் செத்தார், டீக்கடையில். வேன் வராது. அந்த அஞ்சு பேரும் அவனவன் பொழப்பைப் பாக்கான், வந்தா நான் பாத்துக்கிறேன். சொன்னது நாந்தாண்டி, உங்கப்பன் ஒரு நாள் குரலை இறக்கிக் கேட்டாரு, நான் நம்பிட்டேன், நீ அம்மாவ நம்புன மாதிரி. இன்னிக்குப் புளிக்குழம்பு. கதவு தெறந்துதான் கெடக்கு.

ஊருக்கு இதுவும் பழகிப்போனது. ரேஷன் கடைக்காரர் அவள் பேச்சுக்கு நடுவிலேயே "சர்க்கரை இல்ல" என்பார். அவள், "சர்க்கரை இல்லையாம்" என்று அதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு போவாள். கொட்டகையில் அவள் ஒருநாள் வரப் பிந்தினால் பெண்களுக்குக் கை ஓடவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கருத்தப்பாண்டி வந்தான். அட்டை எல்லாம் தீர்ந்தது என்றான். நிறையப் பேர் பின்னை எடுத்துக்கொண்டு முடியைத் தட்டிவிட்டார்களாம். மூன்று பேர் மட்டும் வேறு மாதிரி. ஒருத்தி முடியை விரலில் சுற்றிக்கொண்டே கதவைச் சாத்தினாள். ஒருத்தி இது எந்தக் கோயில் முடி என்று கேட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒருத்தி அட்டையைப் பார்த்தாள், அவன் வந்த வழியைத் தெருக்கோடி வரைக்கும் எட்டிப் பார்த்தாள், முடியோடு சேர்த்துச் சாக்கடையில் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று பாப்பாத்தி கேட்டாள்.

"வெயிலுக்கு எல்லாரும் தலையில முந்தானை போட்டிருந்தாக."

ராமுத்தாய் மூன்று பேரையும் மனதுக்குள் நிறுத்திப் பார்த்தாள். எறிந்தவள்தான் அதிகம் அனுசியா மாதிரி இருந்தாள். அதைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தாள். "எறிஞ்சது நீன்னா, சரிதான், எறிய வேண்டியதுதான். சாக்கடை காஞ்சப்புறம் எடுத்துப் பாரு. எடுக்கலேன்னாலும் சொல்லிக்கிட்டுத்தான் இருப்பேன்."

இப்போது அவள் பேச்சில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. நான்கைந்து வார்த்தை சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துகிறாள். எதிரில் இருக்கிற ஆள் "ம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் வராது என்று அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் அவள் நிறுத்துகிற அந்த நேரத்துக்கு, கொட்டகையில் நாற்பது சீப்பும் நின்று, பிறகு ஓடுகின்றன.